தொகுதியெல்லாம் நித்திலா

தவசிலிங்கம் தன் செத்துப்போன மகளின் பெயரை முதன்முதலாக ஊருக்கு எடுத்துக் கொடுத்தது பங்குனி வெயிலில், கீழச்சுனை சந்தைப்பேட்டைப் பிரசார மேடையில், ஒரு வாழைக்காய் வியாபாரியின் பிள்ளைக்கு. அதே நேரத்தில் ஆவுடையாபுரத்தில் தன் வீட்டு அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சோலைமணிக்கு மகளின் சிரிப்பு மறந்துபோனது.

கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். அது போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகியும், ஒவ்வொரு நாளும் கடுகு வெடிக்கும்போது அந்தச் சிரிப்பை ஒருதரம் காதுக்குள் கேட்டுக்கொள்வது சோலைமணியின் வழக்கம். அதற்காகவே சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ள அவள் சம்மதித்ததில்லை. அன்றைக்குக் கடுகு வெடித்தது, கறுத்தது, கருகியது, சிரிப்பு மட்டும் வரவில்லை. சட்டியைக் கழுவிப் புது எண்ணெய் விட்டு மறுபடியும் கடுகைப் போட்டுப் பார்த்தாள். பல் பிடுங்கின இடத்தை நாக்கு தடவிப் பார்க்கிற மாதிரி மனசு அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தது, அங்கே ஒன்றுமில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் நாத்தனார் பேச்சியம்மாள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். புருஷனைச் சாகக் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள், அரசியல் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு.

"ஏ மணி, இதப் பாரேன். தம்பி நம்ம பாப்பா பேர அந்தப் புள்ளைக்கு வச்சிருக்கான். சனமெல்லாம் அழுதுருச்சு."

பிறந்த பிள்ளையைத் தலைவர் கையில் கொடுத்துப் பெயர் வைக்கச் சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம். தலைவர் வருகிற தேதி தள்ளிப்போனால், மாசக்கணக்கில் பிள்ளையை வெறும் பாப்பா என்றே கூப்பிட்டுக் காத்துக்கிடக்கிற குடும்பங்களும் உண்டு. தவசிலிங்கத்துக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கிற நகரச் செயலாளர் கோட்டைச்சாமி நாலைந்து தூய தமிழ்ப் பெயர்களை மனப்பாடம் பண்ணிவைத்திருந்து நேரம் பார்த்து அவர் காதில் ஓதுவார். அன்றைக்குக் கோட்டைச்சாமி வாயைத் திறப்பதற்குள் தவசிலிங்கம் பிள்ளையின் காதுக்குக் குனிந்து நித்திலா, நித்திலா, நித்திலா என்று மூன்று தடவை சொன்னார், சொன்னவர் அங்கேயே நின்று உடைந்து அழுதார், அந்த அழுகையை மைக் நாலு தெருவுக்கும் கொண்டுபோனது, அப்போது பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத அந்தப் பச்சைப்பிள்ளை ஆறு வயசுப் பிள்ளையின் குரலில், நடுவில் ஒரு விக்கல் விழ, கடகடவென்று சிரித்தது.

"நம்ம பாப்பா சிரிப்பேதான், கேளு, விக்கல்கூட அப்படியே" என்று பேச்சியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சோலைமணி கேட்டாள், திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாள். அது யார் வீட்டுப் பிள்ளையோ சிரிக்கிற சிரிப்பாக இருந்தது.

கீழச்சுனையில் இதற்கு யாரும் ஆச்சரியப்படவில்லை. பெயரைக் கொடுத்தார், பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்ததும் கூடவே வந்துவிட்டது, மண்ணோடு பிடுங்கின நாற்று மாதிரி என்றார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் ஷேர் ஆட்டோ பிடித்துவந்து அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுப் போனார்கள். வாழைக்காய் வியாபாரி வீட்டில் பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப்போட்டார்கள், அவ்வளவுதான்.

சோலைமணிக்கு அரசியல் பிடிக்காது என்பது தொகுதிக்கே தெரியும். கல்யாணமான புதிதில் தவசிலிங்கம் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிற ஆள், வாடிக்கையாளரிடம் விலை சொல்லும்போதுகூடத் தலையைக் குனிந்துகொண்டுதான் சொல்வார். ஆனால் வீட்டுக்கு வந்துவிட்டால் அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்து, அன்றைக்குக் கடைக்கு வந்தவன் எப்படி நடந்தான், எப்படிப் பேரம் பேசினான் என்று ஓயாமல் பேசுவார், அவள் சிரித்துச் சிரித்து வெங்காயத்தைக் கருக்குவாள். அந்தப் பேச்சுக்காகவே அவள் அவர்மேல் உயிரையே வைத்திருந்தாள். யாரோ ஒரு கட்சிக்கூட்டத்தில் அவரை நன்றியுரை சொல்ல ஏற்றினார்கள், கைதட்டினார்கள். அன்றைக்கு வெளியே திறந்த வாய் வீட்டுக்குள் மூடிக்கொண்டது. அப்புறம் வார்டு, ஒன்றியம், சட்டமன்றம் என்று அவர் ஏறிக்கொண்டே போனார், வாசலில் செருப்புகள் குவிந்தன, படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு யார் யாரோ ரகசியம் பேசினார்கள், அவள் தன் வீட்டில் சேலை மாற்ற இடமில்லாமல் குளியலறை ஈரத்தில் நின்று மாற்றினாள். பீரோவிலும் கட்டிலுக்கடியிலும் பொன்னாடைகள் மலையாகக் குவிந்தன, ஒன்றைக்கூட அவள் கையால் தொட்டதில்லை.

மகள் பிறந்தபோது, தலைவர் கையால் பெயர் வைக்க வேண்டுமென்று கட்சிக்காரர்கள் வேனோடு வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். அவர்கள் மாடியேறி வருவதற்குள் சோலைமணி கட்டிலில் படுத்தபடியே பிள்ளையின் காதில் நித்திலா என்று சொல்லிவிட்டாள். கட்சிக்குச் சம்பந்தமில்லாமல் அந்த வீட்டில் இருந்த ஒரே பொருள் அந்தப் பெயர்தான். ஆறு வயசில் காய்ச்சலில் அந்தப் பிள்ளை போனபோது, ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைத்தார்கள். பிள்ளையின் படம் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது, கைகூப்பி நின்ற கட்சிக்காரர்கள் ஆளுயரத்துக்கு இருந்தார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து அவள் புருஷனிடம் சாப்பாடு, சாவி, மாத்திரை தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது அந்தப் பெயரும் போயிற்று. சந்தைப்பேட்டைக்கு மறுநாள் மேலப்பட்டியில் ஒரு பிள்ளையை நீட்டினார்கள், அதற்கும் நித்திலா. அந்தப் பிள்ளை அன்றைக்கே தன் காதுமடலைப் பிடித்துக்கொண்டு தூங்க ஆரம்பித்தது, சோலைமணிக்கு மகள் எப்படித் தூங்குவாள் என்பது மறந்தது. அதற்கடுத்த ஊரில் ஒரு பிள்ளைக்குப் பல்லியைக் கண்டு வீறிடுகிற பயம் வந்தது. இன்னொரு ஊரில், தாய்ப்பால் தவிர ஒன்றும் அறியாத ஒரு சிசு "தயிர்சோறு வேணாம்மா" என்று திருத்தமாகச் சொல்லியது, அதன் அம்மா பதறாமல் "சரிடி, வேணாம்னா விடு" என்றாள். சைக்கிளிலிருந்து விழுந்த முழங்கால் தழும்பு ஒரு பிள்ளைக்கு, கோபம் வந்தால் கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்கிற பழக்கம் ஒரு பிள்ளைக்கு, மழைக்காலத்து இருமல் ஒரு பிள்ளைக்கு. சந்தைக்குப் போகிறவர்கள் நல்ல கத்தரிக்காயை முதலில் பொறுக்குவதுபோல, பெயர் நல்லதையெல்லாம் முதலில் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனது.

ஒருநாள் காலையில் அவர் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது சோலைமணி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அவள் அப்படி வந்து வெகுகாலமாகியிருந்தது, அவர் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது.

"அந்தப் பேர இனிமே யாருக்கும் வைக்காதீங்க."

"ஏன் மணி?"

"நீங்க ஒவ்வொரு புள்ளைக்கா வைக்க வைக்க, எனக்கு அவ கொஞ்சம் கொஞ்சமாப் போறா. காதப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குவாளாம், மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியுது. நான் பெத்த புள்ள தூங்குனத அடுத்தவுக சொல்லிக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். வெள்ளைவேட்டி கசங்குமென்று அவர் உட்காருவதே இல்லை, அன்றைக்கு உட்கார்ந்தார். "மொதத் தடவ நெசமாத்தான் வந்துச்சு மணி. அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்ததும் வாய் தானாச் சொல்லிருச்சு. சத்தியமா நான் நெனச்சுச் சொல்லல."

"ரெண்டாவது தடவ?"

"ரெண்டாவது தடவ சனங்க கேட்டாங்க."

"அப்புறம்?"

வெளியே கோட்டைச்சாமி தொண்டையைச் செருமினார். "அண்ணே, கூட்டம் வெயில்ல காயுது. புள்ளைகளோட நிக்கிறாங்க."

தவசிலிங்கம் எழுந்து வேட்டியை நீவிவிட்டுக்கொண்டார். "எலெக்சன் முடியட்டும். அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்குறேன்" என்றார். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் வைக்கும்போது அவர் அழத்தான் செய்தார். அந்த அழுகை நடிப்பென்று சோலைமணியாலேயே சொல்ல முடியவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

தொகுதி இந்த அதிசயத்தை ரேஷன் கடையைப் போல வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. தடுப்பூசி போட வருகிற நர்ஸ், "பேரு நித்திலாவா, சரி, என்ன வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுத்தாள். இருமல் வந்த வீட்டார் கோட்டைச்சாமியைப் பிடித்து, போன எலெக்சனில் மாற்றிப் போட்டவன் பிள்ளைக்குப் பாட்டுக் குரலைக் கொடுத்துவிட்டுக் கட்சிக்காகச் சிறைக்குப் போன குடும்பத்துக்கு இருமலைக் கொடுப்பது என்ன நியாயம் என்று சண்டை பிடித்தார்கள். பேறுகால வலி வந்த பெண்கள் பிரசார வேன் போகிற வழியில் சொந்தக்காரர் வீடு பார்த்துப் போய்ப் பிள்ளை பெற்றார்கள். எதிர்க்கட்சி வேட்பாளர் பொறுக்கமாட்டாமல் தன் செத்துப்போன தகப்பனாரின் பெயரை இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு வைத்துப் பார்த்தார், அவை பால் கக்கின, வேறொன்றும் நடக்கவில்லை. நித்திலா பேரவை என்று ஒன்று தொடங்கி, கூடத்தில் மாலையோடு மாட்டியிருந்த பிள்ளையின் படத்தைப் பேரவை அலுவலகத்துக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். சோலைமணி தடுக்கவில்லை. படத்திலிருந்த முகம் அவளுக்கு அதற்குள் பாதி அன்னியமாகிவிட்டிருந்தது.

கண்ணுக்குக் கீழே இருந்த மச்சம் மட்டும் காலனியில் ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்குத் தவசிலிங்கத்தின் பங்காளிகள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "நம்ம வீட்டு மச்சம் அங்க எப்படிண்ணே போகலாம்? மிச்சமிருக்கிறதையாச்சும் நம்ம ஆளுகளுக்கு மட்டும் குடுங்க" என்றார்கள். அங்கேயும் ஓட்டு இருக்கிறது என்று சொல்லிக் கோட்டைச்சாமி அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். இது காதுக்குப் போனதிலிருந்து அந்தப் பிள்ளையின் தாய், பிள்ளையை வெளியே தூக்கும்போதெல்லாம் மச்சம் தெரியாதபடிக்குக் கன்னம் முழுக்கப் பவுடரை அப்பிக்கொண்டு வந்தாள். சோலைமணி மட்டும் ஒருநாள் காலனிக்குப் போய், அவளிடம் கெஞ்சி, பவுடரைத் துடைத்துவிட்டு அந்த மச்சத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தானே திரும்பப் பவுடரைப் பூசிவிட்டு வந்தாள்.

பிறகு அவள் பிரசார வேனில் ஏறினாள். இருபது வருஷமாக எந்தக் கொடிக்கும் பின்னால் நிற்காதவள், பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்க வேறு வழியில்லாமல் ஏறினாள். "அண்ணி எறங்கிட்டாக" என்று கட்சி முழுக்க ஆரவாரம். ஊர் ஊராக அவள் மடியில் நித்திலாக்களைப் போட்டார்கள், அவள் ஒவ்வொரு பிள்ளையையும் முகர்ந்து பார்த்தாள், காதைத் தடவினாள், சிரிக்கவைத்தாள். எதுவும் அவளிடம் திரும்பி வந்து ஒட்டவில்லை. தன்னுடையது என்று தெரிந்தும் தன்னுடையதாகத் தோன்றாத கொடுமையில் அவள் அழுதாள். "அண்ணி ஒருதரம் கண்ணத் தொடச்சா ஒரு பூத்து நம்ம பக்கம்" என்று கோட்டைச்சாமி கணக்குப் போட்டார், எந்த ஊரில் வேனை நிறுத்தினால் வெளிச்சம் அவள் முகத்தில் விழும் என்பதுவரை அவர் பார்த்துவைத்திருந்தார். பேச்சியம்மாள் பக்கத்தில் நின்று இரட்டை விரலைக் காட்டினாள்.

கடைசி நாள் நெருங்கியபோது சோலைமணியிடம் மகள் என்று மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

அது அந்தக் காய்ச்சல் நாள். அவர் திருச்சி மாநாட்டுக்குப் போயிருந்தார். போன் பண்ணினாள், கொடியேற்றிவிட்டுக் கிளம்புகிறேன் என்றார். மறுபடி பண்ணினாள், தலைவர் பேசிவிட்டால் கிளம்பிவிடுவேன் என்றார். கார் மாநாட்டிலிருந்தது, அவள் ஆட்டோ பிடித்துப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். வார்டுக் கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பிள்ளை காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டு, "அப்பா வந்தாச்சா?" என்று கேட்டது. நர்ஸ் வந்தாலும் கேட்டது, பெருக்குகிறவர் வந்தாலும் கேட்டது. கடைசியாகக் கதவு திறக்காமலே ஒருதரம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. தவசிலிங்கம் தோளில் மாநாட்டுத் துண்டோடு வந்து சேர்ந்து தலையிலடித்துக்கொண்டு அழுதார், டாக்டர் என்ன சொன்னார், எந்த ஊசி போட்டார்கள், ஏன் மதுரைக்குக் கொண்டுபோகவில்லை என்றெல்லாம் கேட்டார், பிள்ளை என்ன சொல்லியது என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சொன்னால் அவர் செத்துப்போய்விடுவார் என்று முதலில் பயந்தாள். பிளெக்ஸ்களைப் பார்த்த பிறகு, சொன்னாலும் அவர் சாகமாட்டார் என்று பயந்தாள்.

நல்லதெல்லாம் போய் இது மட்டும் அவளோடு இருந்தது. ஜனங்களும் அதை மோப்பம் பிடித்திருந்தார்கள். இனி மிச்சமிருப்பது காய்ச்சல்தான் என்று பேச்சு கிளம்பி, பிள்ளைகளை நீட்டுவது நின்றுபோயிருந்தது. சோலைமணிக்கு அதில் ஒரு நிம்மதி. கசப்பானாலும் அது பிள்ளையின் குரல், அதைக் கேட்டுக்கொண்டே செத்துப்போகலாம் என்றிருந்தாள்.

பிரசாரம் ஓய்கிற அன்று மத்தியானம், ஆவுடையாபுரத்தில் கட்சிக்காரர் ஒருவர் வீட்டில் சாப்பாடு. தவசிலிங்கம் களைத்துப்போயிருந்தார், தொண்டை கட்டியிருந்தது. மற்றவர்கள் கை கழுவப் போனதும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ என்னமோ மறக்குது மறக்குதுங்கிற. நானும் அவளப் பெத்த அப்பன்தான். அவ பேர நான்தான் சொல்றேன், எனக்கு ஒண்ணும் மறக்கலையே மணி."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அவளுக்கு என்ன பிடிக்கும்?"

"என்ன?"

"சாப்பிட. நம்ம புள்ளைக்கு என்ன பிடிக்கும், சொல்லுங்க."

அவர் யோசித்தார், இலையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "ஐஸ்கிரீம்" என்றார். "எல்லாப் புள்ளைகளுக்கும் பிடிக்கிறதுதான."

அது சரியா தப்பா என்று சொல்ல அவளிடமும் ஒன்றுமில்லை. ஆனால் அவருக்கு ஏன் எதுவும் மறக்கவில்லை என்பது அந்தக் கணத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. மறக்கிற அளவுக்கு அவரிடம் எப்போதும் எதுவும் இருந்ததில்லை. அவளிடமிருந்ததை வாரி வாரி இறைத்துவிட்டு, தன் கையிலிருந்து கொடுத்ததாக நினைத்துக்கொண்டு அவர் அழுதிருக்கிறார்.

புறக்கடையில் அவள் கை கழுவும்போது ஒரு சின்னப்பெண் துணியில் சுற்றின பிள்ளையோடு வந்து நின்றாள். பெயர் முனீஸ்வரி, புருஷன் குவைத்தில் லாரி ஓட்டுகிறான் என்றாள்.

"அக்கா, எம் புள்ளைக்கும் அந்தப் பேர வைக்கச் சொல்லுங்கக்கா. காலையில கேட்டேன், கோட்டைச்சாமி அண்ணன் எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு தொரத்துறாக."

"மிச்சமிருக்கிறது நல்லதில்ல தாயி."

"காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்ல. ஒரு கேள்வி." யாரிடமும் சொல்லாததை அவள் அந்தப் பெண்ணிடம் சொன்னாள். சொல்லி முடிக்கிறவரை முனீஸ்வரி பிள்ளையைத் தட்டிக்கொண்டே நின்றாள்.

"இது வயித்துல இருக்கும்போது போனவுகக்கா. இன்னும் கண்ணால பாக்கல. வாயத் தொறந்தா இது எப்படியும் அதத்தான் கேக்கப் போகுது" என்றாள்.

சோலைமணி குழாயை மூடி, ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். இதையும் கொடுத்துவிட்டால் தன் வயிற்றில் ஒரு பிள்ளை பிறந்ததே இல்லாமல் போகும் என்று அவளுக்குத் தெரியும். கொடுக்காவிட்டால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமலே ஜெயித்து, கிழவராகி, மாலை மரியாதையோடு போய்ச் சேர்ந்துவிடுவார் என்பதும் தெரியும். அவள் வாயால் சொன்னால் அது வழக்கமான புருஷன் பெண்டாட்டிச் சண்டையாகத்தான் அவர் காதில் விழும். பிள்ளை வாயாலேயே அவர் கேட்க வேண்டும். "குடு தாயி" என்று கையை நீட்டினாள்.

பஸ் நிலையத்துக்கு எதிரே கடைசிக் கூட்டம். மேடைக்கு ஏறுகிற மரப்படியில் அவள் ஒருதரம் நின்று கண்ணை மூடினாள். அப்பா வந்தாச்சா என்று உள்ளே பிள்ளை கேட்டது. இல்லடா கண்ணு, இப்போ நாமளே போறோம் என்று அவள் சொன்னாள். பிறகு ஏறினாள். தானாக மேடையேறி வருகிற மனைவியைப் பார்த்துத் தவசிலிங்கத்தின் முகம் மலர்ந்தது, கூட்டம் விசிலடித்தது, அவள் பிள்ளையை அவர் கையில் வைத்து, "இதுக்கும் பேரு வைங்க" என்றாள். அவர் குனிந்து பிள்ளையின் காதில் மூன்று தடவை சொன்னார். சட்டையில் செருகியிருந்த மைக் பிள்ளையின் வாய்க்கு நேராக இருந்தது.

"அப்பா வந்தாச்சா?"

காய்ந்த தொண்டையிலிருந்து வருகிற குரல், பஸ் நிலையத்தின் எல்லாக் குழாய் ஸ்பீக்கரிலும் வந்தது. தவசிலிங்கத்துக்கு அந்தக் குரல் தெரிந்தது. அவர் பிள்ளையைப் பார்த்தார். அது அவரையே பார்த்து, நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு, மறுபடி கேட்டது. மூன்றாவது தடவை அது கேட்டபோது அவர் பிடி தளர்ந்தது, பிள்ளை விழுந்துவிடுமென்று முனீஸ்வரி ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். அவர் மனைவி பக்கம் திரும்பினார். சோலைமணி முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உடம்பிலிருந்து ஏதோ பாரம் இறங்கினாற்போல அவளுக்கு லேசாக இருந்தது. "பாவம், யாரு பெத்த புள்ளையோ, இப்படி அப்பனத் தேடுது" என்று பக்கத்திலிருந்த பேச்சியம்மாளிடம் சொன்னாள். பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோட்டைச்சாமிதான் சுதாரித்தவர். மைக்கைப் பறித்து, "அப்பா வந்தாச்சு!" என்று கத்தினார். கூட்டம் வெடித்தது. "வந்தாச்சு! வந்தாச்சு!" என்று பஸ் நிலையம் முழுக்க முழங்கியது, பிரசாரம் ஓய்ந்த பிறகும் டீக்கடைகளில் அதே முழக்கம்தான். தவசிலிங்கம் தொகுதி அதுவரை காணாத வித்தியாசத்தில் ஜெயித்தார். பைபாஸ் ரோட்டிலிருந்து கோயில் தெருவரை அவர் கைகூப்பி நிற்கிற பிளெக்ஸ்களில், அவர் தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் அப்பா வந்தாச்சு என்று போட்டிருந்தார்கள். அவர் காரின் முன்சீட்டில் தலையைக் குனிந்துகொண்டு போகப் பழகினார்.

அந்த வீட்டில் சண்டை ஓய்ந்தது. சோலைமணிக்குக் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், மனு கொண்டுவந்த பெண்களை உட்காரவைத்துப் பேசினாள், கட்டிலுக்கடியிலிருந்த பொன்னாடைகளை எடுத்து உதறி மடித்து அடுக்கினாள். இப்படி ஒரு மகராசி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று கட்சிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். தவசிலிங்கம் மட்டும் காலையில் கிளம்பி, கூட்டங்களுக்குப் போகாமல், கீழச்சுனையில் சிரிக்கிற பிள்ளை வீட்டுக்கும் மேலப்பட்டியில் தூங்குகிற பிள்ளை வீட்டுக்கும் காலனிக்கும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். எலெக்சன் முடிந்த பிறகும் வீடு தேடி வருகிற எம்.எல்.ஏ.வைக் கண்டு ஜனங்கள் பயந்தார்கள், பிறகு தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொடுத்தார்கள். முனீஸ்வரி வீட்டு வாசல்வரை அவர் பல தடவை போனார், உள்ளே கதவு திறக்கிற சத்தத்துக்குப் பிள்ளை கேட்பது தெருவுக்குக் கேட்கும், அவர் திரும்பிவிடுவார்.

ஆனியில் ஒருநாள் மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்து, கூடத்தில் காத்திருந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டு, அடுப்படி நிலையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். சோலைமணி அங்கேயே இலையைப் போட்டாள். அவர் சாப்பிடவில்லை.

"மணி, நமக்கு ஒரு மக இருந்தா."

மதினி பேச்சியம்மாள் அதைத் தினமும் அழுதழுது சொல்லிக்கொண்டுதானிருந்தாள். தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்தைக் கேட்பதுபோல அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த மனுஷனைப் பார்க்க அவளுக்கு இரக்கமாக இருந்தது, கரண்டியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மதினி சொன்னாக. எப்படி இருப்பா?"

அவர் வாயைத் திறந்தார். சிரிப்பு இன்ன ஊரில், மச்சம் இன்ன தெருவில் என்று அவருக்கு இப்போது அத்துப்படி, ஆனால் அத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பிள்ளை வரவில்லை, பதினைந்து இருபது வீடுகள்தான் வந்தன. "எப்படி இருப்பான்னா..." என்று இரண்டு தடவை ஆரம்பித்தார். அப்புறம் அவரால் முடிந்ததைச் சொன்னார்.

"நித்திலான்னு பேரு."

"நல்ல பேருங்க" என்றாள் சோலைமணி மனதார. "நம்ம ஊர்ல பாதிப் புள்ளைகளுக்கு அதானே பேரு." சோறு ஆறிக்கொண்டிருந்தது. மோர் ஊற்றட்டுமா என்று அவள் கேட்டாள்.